டாலி டேட்டா போனால் திரும்பி வராதது எது?

கடைக் கணினி கெட்டுப்போய், கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலியில் இருந்த கணக்கு மொத்தமும் போய்விட்டது என்றால் எல்லோருக்கும் முதலில் வருகிற பயம் ஜிஎஸ்டி பற்றியது. ரிட்டர்ன் எப்படிப் போடுவது, ஆடிட்டரிடம் என்ன சொல்வது, நோட்டீஸ் வந்துவிடுமா என்று மனசு அடித்துக்கொள்ளும். பயம் நியாயமானதுதான். ஆனாலும் வரிக் கணக்கின் பெரும்பகுதியைக் கஷ்டப்பட்டாவது மறுபடி உருவாக்கிவிடலாம். யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்கிற நிலுவைக் கணக்குதான் போனால் போனதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நிலுவை சின்ன விஷயம் இல்லை. இங்கே கடன் கொடுக்காமல் பெரிய வியாபாரம் எதுவும் நடக்காது. விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். வலை, கயிறு, எஞ்சின் உதிரிபாகம் விற்கிற கடைக்காரருக்குப் படகு கடலுக்குப் போகாத மாதங்களில் பணம் வராது, ஆனால் பொருள் கேட்டு ஆள் வரும். குலசேகரம், அருமனை பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் வெட்டு நின்றுபோகும், உரக்கடைப் பாக்கி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். மார்த்தாண்டத்தில் சிமெண்ட், கம்பி விற்பவருக்கு வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் வேலை முடிந்த பிறகே மொத்தமாகத் தருவார். பில் போட்ட நாளுக்கும் பணம் கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் நமக்கு ஆதாரமாக இருப்பது பேரேட்டில் அந்த ஆளின் பக்கம் மட்டும்தான்.

இனி, அரசாங்கத்தின் கணினியிலிருந்து எதை மீட்கலாம் என்று பார்ப்போம். ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிகளுக்கு விற்ற பில்கள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் பில் வாரியாக இருக்கும். நாம் வாங்கியவை, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களைத் தொகுத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் 2பி அறிக்கையில் கிடைக்கும். களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு, சரக்கோடு போகிற மின்னணுச் சீட்டான இ-வே பில் விவரமும் கைகொடுக்கும். வங்கிக் கணக்கு அறிக்கை இருக்கிறது. இவற்றை வைத்து ஆடிட்டர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்தால் வரிக்கான கணக்கை ஓரளவு தேற்றிவிடுவார்.

ஆனால் சில்லறை விற்பனை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் மொத்தத் தொகையாகத்தான் ஏறியிருக்கும். எந்த வாடிக்கையாளருக்கு எந்தப் பொருள் என்று அதில் இருக்காது. சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தத்தைச் சொல்லி வரி கட்டுகிறவர்கள், அவர்களுடைய விற்பனை பில் ஒன்றுகூட அங்கே கிடையாது. தோவாளைப் பூ, பச்சை மீன், வாழைக்குலை இதெல்லாம் வரி இல்லாத சரக்கு. அதை மட்டும் விற்கிறவருக்குப் பதிவே தேவையில்லை, அதனால் அவருடைய கணக்குக்கு உலகத்தில் வேறு நகலே இல்லை. ரொக்கமாக வாங்கியது, கொடுத்தது, கடையில் இருக்கிற ஸ்டாக், வேலையாளுக்குக் கொடுத்த அட்வான்ஸ், இவையும் எந்தப் போர்ட்டலிலும் இல்லை.

பாக்கிக்காக நீதிமன்றம் போவதென்றால் பொதுவாக 3 ஆண்டுதான் காலக்கெடு. இடையில் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். கடைசியாக எப்போது சரக்கு எடுத்தார், எப்போது பாதிப் பணம் தந்தார் என்ற தேதிகள்தான் அங்கே பேசும். அந்தத் தேதிகள் நம் கையில் இல்லாவிட்டால் நாம் கடன்காரரின் நல்ல மனசை நம்பி நிற்க வேண்டியதுதான். பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் நேர்மையானவர்கள், சரியான தொகையைச் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துக் கடை நடத்த முடியாது.

இந்த ஊரில் டேட்டா எப்படிப் போகிறது

டாலி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரை வைத்திருக்கும். அதற்குள் பல ஃபைல்கள். நீங்கள் ஒரு விற்பனை பில்லைப் போட்டு என்டர் தட்டினால் அது ஒரே ஃபைலில் ஒரே வரியாகப் போய் உட்காருவதில்லை. வவுச்சர் எனப்படும் அந்தப் பதிவு ஓரிடத்தில், அதைத் தேடி எடுக்க உதவும் அட்டவணை வேறிடத்தில் என்று அடுத்தடுத்து எழுதப்படுகிறது. அந்த நொடியில் கரண்ட் போனால் பாதி எழுதியும் பாதி எழுதாமலும் நின்றுவிடும். மறுநாள் நிறுவனத்தைத் திறந்தால் பிழைச் செய்தி வருவதும் சில லெட்ஜர்கள், அதாவது பேரேட்டுப் பக்கங்கள், திறக்காமல் அடம்பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். புதிய பதிப்பான டாலி ப்ரைமில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தினால் வரும் டேட்டா மெனுவில் ரிப்பேர் என்று ஒன்று இருக்கிறது. பழைய ஈஆர்பி 9-இல் அதையே ரீரைட் என்பார்கள். அது பல நேரம் சரிசெய்துவிடும். ஆனால் சரிசெய்ய முடியாத பதிவுகளை ஒதுக்கிவிடவும் செய்யும். அதனால் கெட்டுப்போன ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்துவிட்டு, அப்புறம்தான் ரிப்பேரில் கை வைக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவறவிட்டால் இருந்ததும் போய்விடும்.

மின்தடை எல்லா ஊரிலும் உண்டு. நமக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு, அதோடு சித்திரை, ஐப்பசி மாதங்களில் மாலை நேர இடி மின்னலும் சேர்கிறது. மின்னல் கரண்ட் வயர் வழியாக மட்டும் வருவதில்லை. இணையத்துக்காக வெளியிலிருந்து வரும் கேபிள் வழியாக மோடத்துக்கும், அங்கிருந்து லேன் வயரில் கணினிக்கும் வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நெட் வயரை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. யூபிஎஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அது தருவது டாலியை ஒழுங்காக மூடுவதற்கான சில நிமிடங்கள்தான், வேலையைத் தொடர்வதற்கான நேரம் அல்ல. பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி கணினியை ஓட்டுகிறவர்கள், மாறுகிற அந்த இமைப்பொழுதில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் அந்த இன்வெர்ட்டரால் டாலிக்குப் பாதுகாப்பு இல்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரியை உலுக்கியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மீனவக் குடும்பங்கள் இழந்ததன் முன்னால் கணக்கு எழுதுவது பற்றிப் பேசவே கூடாது. ஆனால் அந்த நாட்கள் ஒன்றைக் காட்டின. கரண்ட்டும் இல்லை, நெட்டும் இல்லை, செல்போன் டவரும் சரியாக இல்லை என்றால் மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், இருக்கிற பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான். 2021 நவம்பர் மழையில் குழித்துறை தாமிரபரணி, பழையாறு கரையோரத் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறியதும் நினைவிருக்கும். மேசைக்குக் கீழே தரையில் வைத்திருக்கும் சிபியுவுக்குத் தண்ணீர் ஓர் அடி ஏறினால் போதும். கணினியை உயரத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை, இருந்தும் அதைச் செய்கிற கடைகள் குறைவு.

கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இன்னொரு தொல்லை. யூஎஸ்பி முனைகளில் பச்சை பிடிக்கும், டிரைவைச் செருகினால் எடுக்காது. பேக்கப் டிரைவைக் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது நல்லது.

பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்

ரான்சம்வேர் என்பது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் வருகிற நோய் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகமெங்கும் பரவியபோது அது ஆள் பார்த்துத் தாக்கவில்லை. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தும் போடாமல் விட்ட கணினிகளில்தான் அது எளிதாக நுழைந்தது. 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற ஒரே ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலால் நாடு முழுக்கச் சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப் பரிமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது.

சிறிய கடைக்கு அது வருகிற வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காக இறக்குகிற கிராக் சாஃப்ட்வேர். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் முக்கியமாக இந்தக் கிராக் ஃபைல்களில் ஒளிந்துதான் பரவியது. கிராக்கை ஓட்டும்போது ஆன்டிவைரஸை அணைத்துவைக்கச் சொல்வார்கள், நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிறது. இன்னொன்று, வீட்டிலிருந்து கடைக் கணினியைப் பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைத்து, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட் போடுவது. அதோடு விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புது ஓட்டைகளுக்கான இலவச அடைப்பு அவற்றுக்கு இனி வழக்கம்போல வராது.

இந்த வைரஸ் கணினியில் தெரிகிற எல்லா டிரைவையும் பூட்டும். சி டிரைவ், டி டிரைவ், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர், செருகியே வைத்திருக்கும் பென் டிரைவ், எதையும் விடாது. எந்தப் பேக்கப் தப்பிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை: கணினியில் இருந்து கழற்றி வைத்தது மட்டும்தான் தப்பிக்கும்.

பேக்கப் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பவை

டி டிரைவில் ஒரு நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். சி, டி என்பவை பெரும்பாலும் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். எஸ்எஸ்டி என்ற புதுவகை டிஸ்க் என்றால் இன்னும் சிரமம், அதில் அழிந்ததை மீட்பது பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு எளிதல்ல.

அடுத்தது, டாலியின் டேட்டா ஃபோல்டரையே கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் இணையச் சேமிப்போடு தானாக ஒத்துப்போகும் சிங்க்கில் வைத்துவிடுவது. புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் டாலி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை சிங்க் இடையில் பிடித்து ஏற்றும்போது ஒரு ஃபைல் புதியதாகவும் இன்னொன்று பழையதாகவும் மேலே போய்ச் சேரலாம். தவிரவும் சிங்க் என்பது இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், இங்கே வைரஸ் பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் அங்கே ஏறும். கூகுள் டிரைவ் குப்பையில் 30 நாள் வைத்திருக்கும் என்பது ஓரளவு ஆறுதல். ஆகவே மேலே ஏற்றுவது ஓடுகிற ஃபோல்டராக இருக்கக்கூடாது, டாலியின் பேக்கப் வசதி வழியாக எடுத்துத் தேதி போட்டுச் சுருக்கிய ஃபைலாக இருக்க வேண்டும். ஒரு சிறிய கடைக்கு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நீண்ட காலம் போதும்.

சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடைகளில் உள்ளூர்க்காரர்கள் எழுதிக்கொடுத்த பில்லிங் சாஃப்ட்வேர் ஓடும். அடியில் எஸ்கியூஎல் சர்வர் மாதிரி டேட்டாபேஸ் இருந்தால் ஃபோல்டரை நகல் எடுப்பது சரியான வழி இல்லை. டேட்டாபேஸின் சொந்த பேக்கப் வழியாகத்தான் எடுக்க வேண்டும். எழுதிக்கொடுத்தவரிடம் பேக்கப் ஃபைல் எங்கே விழுகிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள். ஆன்லைனிலேயே ஓடுகிற ஜோஹோ புக்ஸ் போன்றவற்றில் சர்வர் பாதுகாப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் நம்முடைய ஆள் ஒருவர் தவறுதலாக அழித்தால் அதற்கு அவர்கள் பொறுப்பில்லை, மாதம் ஒருமுறை ஏற்றுமதி எடுத்து வைப்பது அங்கேயும் தேவைதான்.

கடைசியாக, "நம்ம அக்கவுண்டன்ட் கிட்ட இருக்கு" என்கிற பதில். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எல்லா இடத்திலும் ஒரே அக்கவுண்டன்ட் மாலை நேரங்களில் பல கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறார். கடினமான உழைப்பு அது. அவருடைய பென் டிரைவில் எல்லாக் கடைகளின் கணக்கும் இருக்கும், ஒரு கடையின் வைரஸ் இன்னொரு கடைக்குப் போவதும் அதே பென் டிரைவில்தான். முதலாளியின் கணக்கு முதலாளியின் கையில் இருப்பதுதான் அந்த அக்கவுண்டன்டுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு ஏதாவது ஆனால் பழி அவர் தலையில் விழக்கூடாது.

ஒரு கடைக்குப் போதுமான ஏற்பாடு

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறிடத்தில். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய இந்த வழக்கம் நம் கடைக்கும் பொருந்தும். கணினியில் ஓடுவது ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்று கடையில், இன்னொன்று வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றி எடுத்துப்போவது. தேதியிட்ட ஃபைல் ஒன்று மேகத்தில். கடையும் வீடும் ஒரே கட்டடம் என்றால் இரண்டாவது டிஸ்க் உறவினர் வீட்டுக்குப் போகட்டும், முடிந்தால் மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்து. பேக்கப் எடுக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் டிஸ்க் கழற்றியே இருக்க வேண்டும். மின்னலுக்கும் வைரஸுக்கும் சேர்த்து இந்த ஒரு பழக்கம் உதவும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை பில் எண்ணிக்கைதான் முடிவு செய்யும். ஒரு நாளைக்கு இருபது பில் போடும் கடை ஒரு வாரத்தை இழந்தாலும் கார்பன் நகலைப் பார்த்து உட்கார்ந்து ஏற்றிவிடலாம். முந்நூறு பில் என்றால் ஒரு நாள் போனாலே தலைவலி, தினமும் கடை சாத்தும் முன் எடுத்தே ஆக வேண்டும். பழைய பேக்கப் மேலேயே புதியதை எழுதாதீர்கள். டேட்டா கெட்டது பத்து நாள் கழித்துத்தான் தெரிய வரும் என்றால், பத்து நாளும் கெட்டதையே நகல் எடுத்திருப்போம். தினசரி நகல்களில் கடைசி ஏழு, மாதக் கடைசி ஒன்று, மார்ச் 31 முடிந்த கணக்கு தனியாக ஒன்று என்று வைத்தால் இடமும் அதிகம் பிடிக்காது.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது: எடுத்த பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது. பேக்கப் முடிந்தது என்று திரையில் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. டிஸ்கில் ஒரு மூலை கெட்டிருக்கலாம், தவறான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், இரண்டு ஆண்டாக அதே காலி ஃபோல்டரையே எடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில், வேறு பெயரில் புது ஃபோல்டர் உருவாக்கி ரீஸ்டோர் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரில் செய்துவிடாதீர்கள், இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். திறந்ததும் கடைசி பில் தேதி, எல்லா லெட்ஜர்களின் மீதியையும் காட்டும் டிரையல் பேலன்ஸ், பெரிய பாக்கிக்காரர்கள் நாலைந்து பேரின் நிலுவை, இவற்றை ஒப்பிட்டால் போதும். ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டால் அங்கேயே செய்து பார்க்க விடுவார்கள்.

நிலுவைப் பட்டியலை மட்டும் மாதம் ஒருமுறை அச்செடுத்துக் கோப்பில் வைப்பதையும் சொல்ல வேண்டும். புயலில் கரண்ட் இல்லாத வாரத்திலும் அந்தக் காகிதத்தைப் படிக்கலாம். பெரிய தொகைக்கு அதே பட்டியலை வாடிக்கையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினால் மேலே சொன்ன எழுத்து ஒப்புதலும் ஆகிவிடும்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டாலியின் பூட்டு வசதியான டாலி வால்ட் போட்டால் கணக்கு முழுவதும் சங்கேதமாகிவிடும், அந்தப் பாஸ்வேர்ட் மறந்தால் யாராலும் திறக்க முடியாது. போடுங்கள், ஆனால் எழுதி உறையில் வைத்து வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கடையை நடத்தியவர் திடீரென்று இல்லாமல் போன வீடுகளில், எந்தப் பாக்கியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் குடும்பம் தவிப்பது பெரிய கொடுமை. டாலி லைசென்ஸ் எந்த இமெயிலில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பழைய அக்கவுண்டன்டின் சொந்த இமெயில் என்றால் அவர் நல்ல முறையில் தொடர்பில் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

வைரஸ் பூட்டிவிட்டது என்று தெரிந்தால் உடனே நெட் வயரைப் பிடுங்குங்கள். பேக்கப் டிஸ்கை அந்தக் கணினியில் செருகவே செருகாதீர்கள். அவசரமாக ஃபார்மட் செய்யவும் வேண்டாம். நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்பான்கள் இருக்கின்றன. சைபர் குற்றப் புகாருக்கு உதவி எண் 1930.

சட்டம் இதில் என்ன கேட்கிறது? ஜிஎஸ்டி விதி 57 மின்னணுக் கணக்கு வைத்திருப்பவர் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்திலோ இயற்கைக் காரணத்திலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி அது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் புயலில் போய்விட்டது என்று மட்டும் சொல்லி விலகிவிட முடியாது. கணக்கு வைத்திருக்க வேண்டிய காலம், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2024-25 கணக்கை 2031 டிசம்பர் கடைசி வரை வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 8 நிதியாண்டு. அதோடு 2022 திருத்தத்துக்குப் பின் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் பேக்கப், 2023 ஏப்ரல் 1 முதல் யார் எதை எப்போது திருத்தினார் என்ற தடம் பதியும் சாஃப்ட்வேர், இரண்டும் கட்டாயம். தனி உரிமைக் கடைக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் இந்தக் கம்பெனி விதிகள் இல்லை.

2031-இல் அந்த ஃபைலைத் திறக்கப்போகிற டாலி இன்றைய டாலியாக இருக்காது. பழைய பதிப்பின் டேட்டாவைப் புதியதற்கு மாற்றுகிற வேலை ஒவ்வொரு முறையும் வரும். அதனால் ஆண்டுக் கணக்கை மூடும்போது பேக்கப்போடு நாள்வழி, எல்லா லெட்ஜர்கள், டிரையல் பேலன்ஸ், ஸ்டாக், நிலுவைப் பட்டியல் ஆகியவற்றைப் பிடிஎஃப் ஆகவும் எடுத்து அதே டிஸ்கில் சேர்த்துவிடுங்கள். அவற்றைத் திறக்க லைசென்ஸ் தேவையில்லை, அக்கவுண்டன்டும் தேவையில்லை.